ரீடிங்

பத்தொன்பது வருஷமாக மீட்டர் பார்க்கிறேன்,
மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், வண்டிப்பாளையம்.
எந்த வீட்டில் நாய் இருக்கிறது,
எந்த வீட்டில் கேட்டைத் திறக்காமல்
எட்டிப் பார்த்தே எண்ணைப் படிக்கலாம்
என்பதெல்லாம் அத்துப்படி.
கோரிமேட்டு வார்டில்
என் இடுப்பிலேயே இரண்டு குடுவை தொங்கின,
அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக்.
காலை எண்பது. சாயங்காலம் அறுபத்தைந்து.
முப்பதுக்குக் கீழே இறங்கினால்தான்
குழாயை எடுப்பார்களாம்.
எழுதி வைக்க நோட்டு கேட்டேன். நர்ஸ் சிரித்தாள்.

வயிற்றுச் சதையை வெட்டி
மார்பில் வைத்துத் தைத்திருந்தார்கள்.
நிமிர முடியாது.
கீழே விழுந்த காசைத் தேடுகிறவள் மாதிரி
வார்டு முழுக்கக் குனிந்தே நடந்தேன்.
ஆப்பிளோடு வந்த ஒருத்தி
அத்தை மகள் காதில்
"கட்டிக்காதவளுக்கு இது எதுக்கு" என்றாள்.
எனக்கும் கேட்டது.

அஞ்சாம் நாள் செங்கழனி வந்தாள்.
வீராம்பட்டினம். ஐஸ் கம்பெனியில் சீட்டு எழுதுகிறவள்.
வயசில் என்னைவிடப் பதினொன்று சின்னவள்,
ஆபரேஷனில் எட்டு மாசம் மூத்தவள்.
செக்கப்புக்கு வந்தவளிடம்
யாரோ என் பெட் நம்பரைச் சொல்லியிருக்கிறார்கள்.
எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.
பாத்ரூமுக்குள் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டு
ஜாக்கெட் கொக்கிகளை அவிழ்த்தாள்.
"நல்லா பாத்துக்க.
நீ ராத்திரி நெனச்சிக்கிற மாதிரி இல்ல."

பிறை வடிவில் தையல், ஓரத்தில் கொஞ்சம் புடைப்பு.
காம்பு இல்லை.
நடுவே வெள்ளை வெள்ளையாய்
மூன்று பிள்ளை சுமந்த வயிற்றின் வரிகள்.
"இது பெரியவன் போட்ட கோடு.
எடம் மாத்திக்கிச்சு."
தொடு என்றாள். தொட்டேன். சூடாக இருந்தது.
"உனக்குத் தெரியுதா?"
"நீ தொடுறத பாக்குறேன். அவ்ளோதான்."

அப்புறம் மூச்சு விடாமல்:
வெந்நீர்ப் பை வைக்காத, தோல் வெந்தாலும் சொல்லாது,
கொப்புளம் வந்துதான் எனக்கே தெரிஞ்சுது.
முன்னாடி பட்டன் வச்ச நைட்டி நாலு தச்சிக்க.
இருமல் வந்தா தலகாணிய வயித்துல அழுத்து.
குளிக்கும்போது குடுவைய நாடா போட்டு
கழுத்துல மாட்டிக்க, தாலி மாதிரி.
புருஷன்கிட்ட... அது உனக்கில்ல, விடு.
இரண்டு பேரும் சிரித்தோம்.
சிரித்தால் தையல் இழுக்கும் என்பதை
அவள் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று கார் பேசிவிட்டாள்.
ஐஸ் சீட்டின் பின்பக்கம் எழுதியும் தந்தாள்:
முருங்கப்பாக்கம் 2, அரியாங்குப்பம் பாலம் தாண்டி 1,
தவளக்குப்பம் 3, கிருமாம்பாக்கம் 4...
வேகத்தடைகள்.
வரும் முன்னே தலையணையைக் கட்டிப்பிடிக்க.

தினம் ஒன்பதுக்கு அவள் போன்.
"ரீடிங் சொல்லு."
"நாப்பது."
"செவப்பா?"
"வைக்கோல் நெறம்."
"தூங்கு."
இருபத்தெட்டு வந்த ராத்திரி நான் அழுதேன்.
அவள் வைத்துவிட்டாள்.

குழாய் எடுத்து ஆறு வாரம்.
முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டேன்.
நேற்று ஒன்பதுக்கு போன் வரவில்லை.
பத்தரைக்கு நானே போட்டேன்.
கடல் இரைச்சல். பிறகு மூச்சு.
இன்னொரு பக்கத்தில் ஏதோ தட்டுப்படுகிறதாம்,
பயறு அளவு.
காலையில் ஸ்கேன். வீட்டில் சொல்லவில்லை.

"ஒண்ணும் இருக்காது" என்று வாய் வரை வந்தது.
பூட்டிய வீட்டுக்கு
உத்தேசமாக ஓர் எண்ணை
இதுவரை நான் எழுதியதில்லை.
"எத்தனை மணிக்கு?" என்றேன்.
"எட்டரை."

நாலரைக்கே எழுந்துவிட்டேன்.
கார் இல்லை, பஸ்தான்.
தலையணையை எடுத்துக்கொண்டேன்.
சீட்டு பையிலேயே இருக்கிறது,
மடிப்பில் கொஞ்சம் கிழிந்து.
இன்றைக்கு அதைக்
கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.