கால் சுற்று

தூதரகக்காரர் ஒருவர் நாடு திரும்பியபோது
பாதி விலைக்கு வாங்கியது.
கதவிலேயே தண்ணீர் வருமாம், ஐஸும்.
லிஃப்டுக்குள் அடங்காமல்
நாலு மாடி தோளில் ஏறி வந்தது.

லயனல் பாஸ் சிங்குக்குக் கீழே
மல்லாந்து படுத்து, வாயில் டெஃப்லோன் நாடா,
காலங்குலக் குழாயை அலமாரிக்குப் பின்னால் விட்டு
இந்தப் பக்கம் இழுத்தார்.
"ஹரி மிஸ், தொறங்க."

திறந்தேன். ஒன்றுமில்லை.
வெள்ளவத்தையில் மாலை ஆறு மணிக்குத்
தண்ணீரும் ஆட்களைப் போலத்தான்,
காலி வீதியில் எங்கோ நிற்கும்.

காசை எண்ணிக்கொண்டு பாணந்துறை பஸ் ஏறினார்.
ஏழரைக்குத் தண்ணீர் வந்தது,
மூட்டில் ஒரு துளியும்.
போன் எடுத்தேன்.
"கால் சுத்து மிஸ். கூட முறுக்கினா வெடிக்கும்,"
கண்டக்டரின் கத்தலுக்கு நடுவே.
கால் சுற்று.
துளி யோசித்தது.
நின்றது.

இரவு இரண்டரைக்குக் குசினியில்
யாரோ எதையோ போட்டுடைத்த சத்தம்.
தும்புத்தடியோடு போனேன்.
நீல வெளிச்சம். தட்டில் ஏழு கட்டிகள்.

ஒன்றை வாயில் போட்டேன். பிளாஸ்டிக் மணம்.
முதல் ஐஸைக் கொட்டச் சொல்லியிருந்தார் பாஸ்.

கடித்தேன்.