நிறுத்துவதும் நீக்குவதும்

மழை எப்போ வரும் மிஸ் என்று
கடைசி பெஞ்சு கேட்டாயிற்று.
சிரித்தும் ஆயிற்று.
பாலக்கோட்டில் போர்டில் மேகம் என்று எழுதினால்
இந்தக் கேள்விக்கென்று ஐந்து நிமிடம்
ஒதுக்கிவிட வேண்டும், வருகைப் பதிவைப் போல.

ஒரு பெட்டி வரைகிறேன்.
இது கம்ப்யூட்டர். நம்முடையது இல்லை.
மும்பையில் ஏதோ ஒரு கட்டடத்தில்
ஏசி குளிரில் நின்றுகொண்டிருக்கிறது.
மணிக்கு இவ்வளவு என்று வாடகை.
என்னைப் போலத்தான் என்று சொல்ல வந்து
விழுங்கிக்கொள்கிறேன்.
கௌரவ விரிவுரையாளருக்கு
மே மாதம் சம்பளம் கிடையாது.

அப்ரோஸ் எழுகிறான்.
அவன் வீட்டில் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு.
"தை மாசம் ஆயிரம் சேர் இருந்தாலும் பத்தாது மிஸ்.
மார்கழியில அத்தனையும் மாடியில அடுக்கிக் கெடக்கும்.
சும்மா கெடக்கிற சேருக்கு யாரு வாடகை குடுப்பா?"
சேர் வைத்திருப்பவர்தான் என்றேன்.
"அப்ப நாங்கதான்."
மூன்று பக்கப் பாடம்.
உட்கார்வதற்குள் முடித்துவிட்டான்.

என் பில்லைக் காட்டுகிறேன்.
போன மாதம் உங்களுக்காகத் திறந்து பார்த்த இயந்திரம்.
இலவசம் என்றார்கள், கார்டு எண் மட்டும் கேட்டார்கள்.
பெரிய வட்டு வேண்டுமா என்றதற்கு
ஆமாம் என்றிருக்கிறேன், தூக்கக் கலக்கத்தில்.
நிறுத்திவிட்டுத்தான் படுத்தேன்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு ரூபாய்.

நிறுத்தினால் இயந்திரம் தூங்கும்.
உள்ளே வைத்த சாமானுக்கு
வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும்.
'நீக்கு' என்று வேறொரு பொத்தான்,
மூன்று வரி கீழே, சிவப்பில்.

ஹேமாவதி இரண்டு முறை அடிக்கோடிடுகிறாள்.
சிலபஸில் இல்லாத வரி.
நான் காசு கொடுத்து வாங்கியது.

முப்பத்தாறு பேர், பதினொரு கம்ப்யூட்டர்,
இடித்துப் பிடித்து ஆளுக்கொரு இயந்திரம் திறக்கிறார்கள்.
பெயர் வை என்கிறது திரை.
தமிழ் எழுத்தை வாங்க மறுக்கிறது.
மாரண்டஅள்ளிக்காரனுக்கும் எர்ரனஅள்ளிக்காரிக்கும்
அள்ளிக்கு எத்தனை எல் போடுவதென்று சண்டை.
ஒருவன் எருது விடும் விழாவில்
கிரைண்டர் ஜெயித்த காளையின் பெயரை வைக்கிறான்.
அதற்கு மட்டும் கைதட்டல்.
கரண்ட் போகிறது. வருகிறது.
மும்பையில் ஒன்றும் ஆகவில்லை என்பதை
அப்போதுதான் நம்பினார்கள்.

மணி அடித்தும் முனிரத்தினம் எழவில்லை.
தக்காளி விலைக்கு ஒரு பக்கம் செய்கிறான்.
கிரேடு என்ன விலை,
ஒரே ஒரு வரி.
"நாளைக்கு நீக்கிடறேன் மிஸ்."

இரவு பதினொன்றுக்குப் போனில் பார்க்கிறேன்.
முப்பத்தைந்து சாம்பல் புள்ளி,
ஒரு பச்சை.
மணிக்கு எண்பது காசு.
சிவப்புப் பொத்தான்மேல் விரல் வைத்தேன்.
மண்டி விடியற்காலை நாலு மணிக்குத் திறக்கும்.
விரலை எடுத்துவிட்டேன்.

ஐந்தரைக்கு எழுந்து
அந்த முகவரியைத் திறந்தேன்.
வந்தது.
பாலக்கோடு மண்டி, கிரேடு நூற்று நாற்பது.
நேற்று முன்தினத்து விலை.

பல்கூட விளக்காமல்
பாடக்குறிப்பு நோட்டை எடுத்து எழுதினேன்:
வியாழன், ஆறாவது பீரியட்.
விலையை யார் மாற்றுவது, எத்தனை மணிக்கு.