இடக்கையால் திறக்கும் கதவு

"பாத்தனான் தங்கச்சி, சத்தியமாப் பாத்தனான்.
கண்ணாடியில நீர் இல்லை."

கஸ்தூரியார் வீதி, நகைக்கடை வாசல்.
என் ஸ்கூட்டியின் சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருக்க
அவர் முதலில் சொன்னது அதைத்தான்.
திறந்தபடி நின்ற கார்க்கதவின் விளிம்பில்
என் துப்பட்டாவின் பச்சை நூலொன்று ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கூடிற்று.
சோடா உடைத்துத் தந்தவர் நான் பறந்து வந்ததாகச் சொன்னார்.
லொத்தர் விற்பவர், கார் ஓடிக்கொண்டிருந்தது என்றார்.
எத்தனையில் வந்தனீர், என்றார் பொலிஸ்காரர்.
முப்பது, என்றேன்.
எழுதாமல் என்னை ஒருமுறை பார்த்தார்.
முப்பதிலும் தார் தார்தான், ஐயா.

ஹெல்மெட் வலப்பக்கம் வெடித்திருந்தது,
அவித்த முட்டையை மேசையில் தட்டினதுபோல.
உள்ளே என் தலை.
அதற்குள்ளே, அன்று நான் பார்த்து முடிக்கவேண்டிய
நாற்பத்திரண்டு இரத்த மாதிரிகளின் கணக்கு
ஒன்றும் சிந்தாமல்.

உண்மையைச் சொன்னால்
நான் வார் பூட்டுகிற ஆளில்லை.
முத்திரைச் சந்தியில் நிற்கும் பொலிசுக்காகத்தான்
என் ஹெல்மெட்.
தாண்டினால் அது முழங்கையில் தொங்கும்.
அன்று கைதடி வெளியில்
சோளகம் இரண்டு தரம் அதைத் தலையிலிருந்து கிளப்பியது.
எரிச்சலில், ஓரமாய் நிறுத்தி, டக்கென்று பூட்டினேன்.
காற்றுக்குப் பூட்டினது.
கதவுக்கல்ல.

ஆசுபத்திரிக்கு ஒரு சீப்புக் கதலியோடு வந்தார்.
பெயர் அன்ரன் குலேந்திரன், சுண்டுக்குளி.
கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி
மறுபடியும் அதையே சொன்னார்.
காறை எலும்பைவிட
அந்த "இல்லை" தான் எனக்குக் கனகாலம் நொந்தது.
சிவப்பு ஸ்கூட்டி, பச்சைத் துப்பட்டா,
பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்த முன்விளக்கு.
இவ்வளவோடும் ஒருத்தி
இல்லாமல் போகலாமா?

அடுத்த வருஷம் அக்காவின் பழைய அல்டோவில்
எல் போர்ட் கட்டிக் கார் பழகினேன்.
இருபாலைச் சந்திக்குக் கிட்ட, ஓரம்விட்டு வெளியே எடுக்கப்போகையில்
வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள்.
பெரிதாகியது. இன்னும் பெரிதாகியது.
பிறகு, இல்லை.

எங்கே போனான்?
கண்ணாடி முடிகிற இடத்துக்கும்
என் தோள் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில்
ஒரு ஆள் அகலத்துக்கு இருட்டு.
பட்டப்பகலில்.
அதற்குள்தான் அன்று நான் இருந்திருக்கிறேன்.

ஹோர்ன் அடித்தான், கையை உயர்த்தி ஏதோ ஏசினான், போனான்.
என் கால் பிரேக்கில் நடுங்கிக்கொண்டு கிடந்தது.
அவர் பொய் சொல்லவில்லை.
கழுத்தைத் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

என் வலத்தோள் இன்னும் முழுதாய்ச் சுகமில்லை.
கார்க்கதவின் பிடியை வலக்கையால் இழுத்தால் சுரீரென்னும்.
அதனால் இடக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்த் திறக்கிறேன்.
கை போகிற பக்கம் உடம்பு போகிறது,
உடம்போடு தலை,
தலையோடு கண்.
நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை;
எலும்பு சொல்லித்தந்தது.

நேற்றுத் திருநெல்வேலிச் சந்தையடியில்
அப்படித்தான் திரும்பியபோது
பின்னால் ஒரு மீன்காரர்,
பெட்டியிலிருந்து ஐஸ்தண்ணி ஒழுக ஒழுக.
நாலு விரல் திறந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டேன்.
அவர் போனார்.
நடக்காத ஒன்றைப்பற்றி
அவருக்கு ஒன்றுமே தெரியாது.
காருக்குள் மட்டும் கொஞ்ச நேரம் சூடை மணம்.

இரவு அன்ரன் அண்ணைக்கு எடுத்தேன்.
"இடக்கையாலயோ?" என்றார்.
"கொஞ்சம் பொறும். கார் றோட்டிலதான் நிக்குது."
செருப்புச் சத்தம். படலைச் சத்தம்.
ஒரு கதவு திறந்து மூடியது.
கனநேரம் ஒன்றுமில்லை.
மறுபடி திறக்கிற சத்தம், பாதியில் நின்றது.

"ஓம் பிள்ளை," என்றார் மெல்ல,
"பின்னால ஒரு பெடியன் வாறான்."