இரண்டாம் கை

“ராத்திரி ரெண்டாகும், கூப்பிடாதே” என்று
உமையாளிடம் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.
பிளாஸ்கில் காபி, சார்ஜர், முறுக்கு நாலு.

முதல் கையை மடக்கினேன்.
இரண்டாவதில் ராஜா ஜோடி.
மொத்தத்தையும் தள்ளினேன்.
எவனோ நாலும் ஆறும் வைத்துக்கொண்டு
ஐந்து, ஏழு, எட்டு என்று
மளிகை லிஸ்ட் மாதிரி வரவழைத்தான்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரில்
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது இடம்.
பணம் கட்டிவிட்டு வராமலே போனவன்
இன்னும் ஆட்டத்தில் இருக்கிறான்.

மணி ஒன்பது நாலு.
கல்லுக்கட்டியில் ஷட்டர்கள் இப்போதுதான் இறங்குகின்றன.
பிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை.

வளவில் கிரைண்டர் நின்றது.
“ஜெயிக்கிறீகளா?”
“இப்பத்தான் சூடு பிடிக்குது.”

இன்னும் ஐந்து மணி நேரம்.
நடுநடுவே ‘அடச்சே’ என்று
கதவுக்குக் கேட்கும்படி
சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.