நான்காவது முள்

இரண்டையும் பச்சைத் துணிமேல் வைக்கிறேன்.
இடப்பக்கம் எழுபத்தொன்பதாம் வருடத்தது.
வலப்பக்கம் அதே நிறுவனம், அதே பெயர்,
முப்பத்திரண்டு வருடம் இளையது.
எதிரே திருமதி எர்மெலிண்டா,
குடையை மடக்காமல் நாற்காலியில் சாய்த்திருக்கிறார்.
லிஸ்பன் மழை என் தரையில் சொட்டுகிறது.

பழையதிலிருந்து தொடங்குவோம் என்கிறேன்.
மேல்மூடி கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக்.
காக்பிட் கதவில் இடித்த கீறல்
பற்பசை வைத்துத் தேய்த்தால் போய்விடும்.
வளையத்தின் சிவப்புப் பாதி
கொய்யாவின் உள்நிறத்துக்கு வெளுத்திருக்கிறது.
நீலப் பாதி சாம்பல்.
இருட்டில் ஒளிர்ந்த புள்ளிகள்
பால் விடாத தேநீராகிவிட்டன.
சங்கிலி தளர்ந்து கிலுகிலுக்கிறது.
விலை இதற்குத்தான் அதிகம்.

நிமிர்ந்து பார்க்கிறார்.
ஆமாம், வெளுத்ததற்குத்தான்.
வெளுப்பை அளக்க மிலானிலிருந்து ஒருவன்
வண்ண அட்டையோடு வருவான்.

புதியதன் வளையம் பீங்கான்.
எத்தனை கோடை கிடந்தாலும்
பெட்டியைத் திறந்த அன்றைய நீலம்.
நீலக்கல் கண்ணாடி.
கொக்கி மூடும் சத்தம்
விலை உயர்ந்த காரின் கதவுபோல.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
என் குறை அதுதான்.

ஆனால் வித்தியாசம் உள்ளே.
பழையதில் நான்காவது முள்
மணி முள்ளோடு பல்லோடு பல் கோத்தது.
தனியே நகராது.
இன்னோர் ஊரின் நேரம் வேண்டுமென்றால்
வெளிவளையத்தைத் திருப்ப வேண்டும்.
அது சட்டைக் கை உரசினாலே திரும்பிவிடும்,
அதன் சாட்சியம் செல்லாது.

புதியதில் மணி முள் மட்டும் தாவும்,
இறங்கிய ஊர்களுக்கெல்லாம்,
ஒவ்வொரு மணியாக.
அம்பு முனை வைத்த நான்காவது முள் அசையாது.
அது வீடு.
கடிகாரமே நின்றுபோனாலும்
இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்
அப்படியே இருக்கும்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம்.

நின்றுதான் இருந்தது அது.
ஆஸ்பத்திரியில் அபீலியோவின் கையிலிருந்து கழற்றிய பின்
இழுப்பறைக்குள் இரண்டு நாள் ஓடி,
ஜனவரியில்.
மணி முள் நான்கு பத்தில்.
அம்பு, இருபத்துநாலு எண்களில், பதின்மூன்று பத்தில்.

மூன்று மணி நேரம் பின்னால், என்றார்.
ரெசீஃபி.
பத்தொன்பது வருடம் அவர் பறந்த தடம்,
அதில் ஆச்சரியம் இல்லை.
எந்த முள் வீடு என்றீர்கள்?

நிறையப் பேர் மாற்றி வைப்பார்கள் அம்மா,
கையேட்டை யார் படிக்கிறார்கள், என்றேன்.

மின்கட்டணச் சீட்டின் பின்பக்கம் வரை படிப்பார்
என் அபீலியோ.

பக்கத்துக் கடையில் காப்பி இயந்திரம் சீறி ஓய்ந்தது.
வேறு வேலை தெரியாமல் நான்
புதியதற்குச் சாவி கொடுத்தேன், நேரம் வைத்தேன்.
லிஸ்பனில் பன்னிரண்டு ஐந்து.
சொல்லாமலே அம்பு ஒன்பதைத் தாண்டி நின்றது.

தாருங்கள், என்று வாங்கினார்.
திருகியை நகத்தால் ஒரு படி இழுத்தார்.
நூறு தடவை பார்த்திருப்பார் போல,
எந்தப் படி என்று கேட்கவில்லை.
மணி முள் பின்னால் தாவியது.
டக்.
டக்.
டக்.
நொடி முள் எதையும் கவனிக்காமல் ஓடியது.
இப்போது இரண்டு முள்ளும்
வேறு வேறு திசையில் நின்று
ஒரே மணியைச் சொல்லின.

கட்டிக்கொண்டார்.
முழங்கை வரை வழுக்கியது.
இரண்டு கண்ணி எடுக்கவா என்றேன்.
வேண்டாம்.
பழையதை அந்த மிலான்காரனுக்கே கொடுங்கள்,
வெளுத்தது எல்லாம் அவன் கணக்கு.

ரசீதில் தேதி எழுதி, நேரம் எழுதி நீட்டினேன்.
கையெழுத்துப் போடும் முன்
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
என் பன்னிரண்டை அடித்துவிட்டு
மேலே, சிறிய எழுத்தில்,
ஒன்பது என்று எழுதினார்.
ஐந்தைத் தொடவில்லை.