கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

முருகன்குறிச்சியில் செராக்ஸ் கடைக்கு மேல்
இரண்டாம் மாடியில் என் வேலை.
நான்கு தீவு நாடுகள் பங்கு போட்டு வாங்கிய
ஒரே செயலிக்கு
நான் கூலிக்குப் பழுது பார்க்கிறவள்.

அலை ஏறினால் யாருக்கு முதலில் மணி அடிக்க,
சிக்னல் செத்த பிறகும் கடைக்காரர் எப்படிக் காசு வாங்க,
ஏலம் நின்றால் எந்தப் படகுக்கு எவ்வளவு போட
எல்லாம் அதற்குள்.
அரசுகள் பேசி முடிக்க ஏழு ஆண்டு.
வெள்ளம் என்ற சொல்லுக்கு மட்டும் பதினான்கு மாதம்.
ஒருவருக்கு அது முழங்கால்.
ஒருவருக்குக் கிணறு உப்பாவது.
இன்னொருவருக்கு, வானம் தெளிந்திருக்கையில்
கடல் தெருவுக்குள் நடந்து வருவது.

மாலத்தீவில் ஷிஃபானா.
மொரிஷியஸில் வீராப்பென்; தன் பெயருக்குள்
ஒரு வீரப்பன் இருப்பது அவனுக்குத் தெரியாது,
நானும் சொல்லவில்லை.
என்னைப் பெராசி என்பார்கள்.
பேராச்சி, பேராச்சி என்று திருத்தி
ஒருநாள் விட்டுவிட்டேன்.

படிவத்தின் முதல் கட்டம்: தீவின் பெயர்.
சிவப்பு நட்சத்திரம் போட்டது, நிரப்பாமல் நகராது.
நான் எழுதிய விதிதான்.
அடுத்தது: கடல்மட்டத்துக்கு மேல் உயரம்.
ஷிஃபானாவின் தீவு ஒன்றேகால் மீட்டர்.
"உனக்கு?" என்றாள் ஒருமுறை.
நாற்பத்தேழு என்றேன்.
மலையுச்சியில் கட்டில் போட்டவளைப் பார்ப்பதுபோல
திரையில் சிரித்தாள்.

அந்த மார்கழியில்
சனிக்கிழமை வெறும் தூறல்.
ஞாயிறு இரவு கொக்கிரகுளத்தில்
பாலம் எது ஆறு எது என்று தெரியவில்லை.
கீழேயிருந்து செல்வின்துரை காகிதக் கட்டுகளை
என் படிக்கட்டில் அடுக்கினார்.
"ஏ பிள்ள, ஏ-ஃபோர் மேல கெடக்கட்டும்.
லீகல் சைஸ் போனாப் போவுது."
எட்டாம் படி. ஒன்பதாம் படி.
மின்சாரம் போனது.
எங்கோ ஒரு டவர் மட்டும் இன்னும் மூச்சு விட்டது.

யாருக்குச் சொல்ல என்று தெரியாமல்
என் படிவத்தையே திறந்தேன்.
தீவின் பெயர்: பாளையங்கோட்டை.
பட்டியலில் இல்லை.
திருநெல்வேலி.
இல்லை.
முருகன்குறிச்சி.
இல்லை. சரியான தீவைத் தேர்வு செய்யவும்.
நாலு பக்கமும் தண்ணீர்,
இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் உனக்கு என்று
நான் எழுதிய விதியிடமே சண்டை போட்டேன்.

ஒரே கணக்கிலிருந்து மூன்று பிழைகள்.
அவை தாமாகப் போய் ஷிஃபானாவின் திரையில் விழுந்தன.
கூட யாரும் உண்டா, என்று மட்டும் கேட்டாள்.
பிறகு வீராப்பெனை எழுப்பினாள்.
இரண்டு நாடு ஒப்பினால் பட்டியலில் ஒரு தீவு சேரும்,
அமைச்சர்கள் கூடி எழுதிய பிரிவு அது.
தீவு என்றால் கடலுக்குள் இருக்க வேண்டும் என்று
பிரிவில் எழுத மறந்திருந்தார்கள்.

அறுநூற்றுப் பன்னிரண்டாவது தீவு.
பெயர்: பெராசி.
மக்கள்தொகை: 2.

கைபேசி அலறியது.
மேலே செல்லவும், மேலே செல்லவும்,
மூன்று மொழியில்; அதில் ஒன்றும் தமிழ் இல்லை.
"இதுக்கு மேல மொட்டமாடிதான்" என்று
செல்வின்துரை அதற்குப் பதில் சொன்னார்.
பின்னாலேயே காசும் வந்தது,
தீவுவாசிக்கு விதிப்படி முதல்நாள் படி:
நூற்றைம்பது ரூஃபியா.
யாரிடம் கொடுத்து எதை வாங்க?
ஆனாலும் அந்த எண்ணை அவரிடம் காட்டினேன்.
"நம்ம காசுக்கு எவ்வளவு வரும்?"
எனக்குத் தெரியவில்லை.
ஒரு ஈரத்தாளில் பத்தால் பெருக்கிப் பார்த்தார்,
பிறகு ஐந்தால்.
விடியும்வரை எங்களுக்கு அந்த வேலை இருந்தது.

பதினோரு நாள் கழித்து,
லீகல் சைஸ் தாள்கள் கொடியில் காய்கிறபோது
தணிக்கைக் கடிதம் வந்தது:
வரிசை 612, உயரம் 47 மீட்டர், விளக்கம் தரவும்.
ஷிஃபானா எழுதினாள்: அளவு சரி.
வீராப்பென் எழுதினான்: அளவு சரி.

காசைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.
அனுப்புநரின் தீவு, என்றது சிவப்பு நட்சத்திரம்.
பட்டியலைக் கீழே இழுத்தேன்.
தப்பெழுத்தோடு என் பெயர் இருந்தது.
தொட்டேன்.