ஒற்றைக் கை வாசிப்பு

இடது கை இயந்திரத்துக்கு.
செவ்வாய், வியாழன், சனி
மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை
வலது கை மட்டும் என்னுடையது.

அதனால் இப்போதெல்லாம் புத்தகத்தை
முதலில் தூக்கிப் பார்க்கிறேன்.
என்ன எடை. முதுகு வளையுமா.
விட்ட இடத்தில் விரிந்தே கிடக்குமா,
முதலை வாய் மாதிரி மூடிக்கொள்ளுமா.
பின்னட்டைப் பாராட்டெல்லாம் பிறகு.

எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல் ஒன்று
நெஞ்சின் மேல் உட்கார்ந்து மூச்சு முட்டவைத்தது.
ஞாயிறு ராத்திரி சவர பிளேடால்
நான்கு துண்டாக அறுத்தேன்.
நூலகத்தில் ஸ்டாம்ப் குத்தியவரின் மகன் நான்.
அப்பா பார்த்திருந்தால்
அன்றைக்குச் சோறு கிடையாது.

அதில் ஒருத்தி
ஒன்றரைப் பக்கத்துக்கு மாம்பழம் தின்கிறாள்.
முழங்கை வரை வழிகிறது.
சேலத்தில் சீசன்; கடைவீதி முழுக்க மல்கோவா.
பொட்டாசியம் ஆறைத் தாண்டியவன் கையில்
இப்படி ஒரு பக்கத்தைக் கொடுக்கலாமா?
நான்கு முறை வாசித்தேன்.
டாக்டரிடம் சொல்லவில்லை.

அடுத்தது கவிதைகள். அறுபத்து நான்கு பக்கம்,
எடையே இல்லை. ஆனால் எல்லாம் மழை.
எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி,
மோர், ரசம், மாத்திரைத் தண்ணீர் உட்பட.
பதினேழாம் பக்கத்திலேயே
என் ஒரு வாரக் கணக்கைக் கொட்டிவிட்டார்.
நல்ல கவிஞர்தான். தாகம் எடுத்தது.
மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்:
ஐந்து ரோட்டு மேம்பாலத்துக்குப் பின்னால்
சேர்வராயன் மலையில் நிஜமாகவே மழை.
யாரும் எழுதாததால்
கொஞ்சம் தாங்க முடிந்தது.

பக்கத்துக் கட்டில் செங்கோடன்
சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்.
"எழுத்தெல்லாம் நமக்கு நம்பர் பிளேட்டோட சரிங்க.
நீங்க கதையச் சொல்லுங்க."
துண்டு துண்டாகச் சொன்னேன்.
மூன்றாம் துண்டு முடிகிற இடத்தில்
அவளுக்கு ஒரு கடிதம் வந்தது,
மிஷின் கத்தியது, நேரம் முடிந்தது.
அடுத்த வாரம்
அவரைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

நான்காம் துண்டைத் தனியாக வாசித்தேன்.
கடிதத்தைப் பிரிக்கிறாள். அழுகிறாள்.
பிறகு மன்னிக்கிறாள்,
நூற்றுத் தொண்ணூறு பக்கத்துக்கு மன்னிக்கிறாள்.

சனிக்கிழமை டெக்னீஷியன் ரெஜினா
ஊசியேற்றிக்கொண்டே சொன்னார்:
"காலைல அந்த லாரி அண்ணன்
உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு சார்.
அந்தப் பொண்ணு லெட்டரப் பிரிக்கவே இல்லியாம்.
நாலா மடிச்சு
ஆடுற மேசைக் காலுக்கு
முட்டுக் குடுத்துட்டாளாம்.
சரியான்னு கேட்டாரு."

சரி என்று சொல்லச் சொன்னேன்.

முதல் மூன்று துண்டையும்
சேர்த்துத் தைக்க வேண்டும்.
வீட்டில் தடித்த நூல் இல்லை.